ஐந்தாம் தேதி பிடித்தம், பன்னிரண்டாம் தேதி சம்பளம்

தினேஷு,

இதைச் சரவணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. உன் அறை எங்கே, உனக்கு எந்த ஷிப்டு, ராத்திரி சாப்பிடுகிறாயா இல்லையா எல்லாவற்றையும் அவன்தான் சொன்னான். சொல்லாவிட்டால் இனிமேல் என் கடையில் இட்லிக்கு வடகறி கிடையாது என்றேன், சொல்லிவிட்டான். நீ தடாவில் இருக்கிறாய். கும்மிடிப்பூண்டியில் சூலூர்பேட்டை வண்டி ஏறினால் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடுகிற ஊர். என்னவோ துபாய்க்குப் போனவன் மாதிரி ஒரு மாதமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முன்னாலெல்லாம் உன் போன் அடித்து ஓயும். இப்போது அடிக்கக்கூட இல்லை, போட்டவுடன் கட்டாகிறது. அப்படி ஆனால் பிளாக் பண்ணியிருக்கிறான் என்று அர்த்தம் ஆன்ட்டி என்று சரவணனே தயங்கித் தயங்கிச் சொன்னான். கடன் வசூலுக்குக் கூப்பிடுகிற ரெகவரிக்காரன் நம்பரோடு சேர்த்துப் பெற்றவள் நம்பரையும் பிளாக் பண்ணியிருக்கிறாய். நன்றாக இருடா.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நீ பாதியில் கிழித்துப் போட்டாலும் போடுவாய். உன் தங்கை பவானிக்கு நர்சிங் சீட் கிடைத்தது உனக்குத் தெரியும். அவளுடைய லோன் பேப்பர் பேங்கில் தயாராகிவிட்டது என்பது உனக்குத் தெரியாது. உன் நைனா கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னும் போட வேண்டியவள் பவானி. அவள் போட மாட்டேன் என்கிறாள். அண்ணன் வந்து என் முகத்தைப் பார்த்து, போய்ப் படி என்று சொல்லட்டும், அப்புறம் போடுகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கல்லூரிக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த சீட் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். இதுதான் சமாச்சாரம். மிச்சமெல்லாம் என் ஆத்திரம், அதையும் படி. உன் அறைப் பையன்கள் எட்டிப் பார்த்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. அவர்களும் லோன் போட்டுப் படித்தவர்கள்தான், அவரவர் அம்மா எழுதியதாக நினைத்துக்கொள்ளட்டும்.

அன்றைக்கு நடந்ததை நீ ஒரு மாதிரி மனசில் வைத்திருப்பாய், நான் ஒரு மாதிரி வைத்திருக்கிறேன். பவானி பேங்குக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, அண்ணன் லோனில் பாக்கி இருக்கிறதாம், அதில் அம்மா பேரும் இருக்கிறதாம், அதனால் எனக்குத் தர மாட்டார்களாம் என்றாள். உன்மேல் குற்றம் சொல்லவில்லை, கவுண்டரில் சொன்னதை வந்து சொன்னாள். நீ நைட் ஷிப்டு முடித்துத் தூங்கி எழுந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாய். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய்.

"படிச்சி இன்னா கிழிச்சேன் நானு? வேலைக்குப் போன நாள்லேர்ந்து கட்டிக்கினேதான் கீறேன், வாங்கினது அப்படியே நிக்குது. இவளும் போயி அதே குழியில உழணுமா? செல்போன் கம்பெனி பஸ்ஸு நம்ம ரோட்டுக்கே வருது. ஏறி வேலைக்குப் போவச் சொல்லு" என்றாய்.

நானும் சும்மா இல்லை. உன் பாக்கிக்கு அவள் படிப்பை நிறுத்துவாயா, இது எந்த ஊர் நியாயம் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. இன்றைக்கும் அதையேதான் கேட்பேன். ஆனால் நீ பையை எடுத்துக்கொண்டு போனபோது உன் நைனா நடுவில் நின்று தடுத்தாரே, அவர் கையை உதறிவிட்டுப் போனாய் பார், அது எனக்கு ஆறவில்லை. அவர் அன்றைக்கு முழுக்கப் பம்ப்செட்டுப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை.

உன் லோனில் அவர் பெயர் ஏன் இல்லை, என் பெயர் ஏன் இருக்கிறது என்று நீ என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? நீ இன்ஜினியரிங் சேர்ந்தபோது அட்மிஷன் டேபிளில் உட்கார்ந்திருந்த ஆள் என்ன சொன்னான், நினைவிருக்கிறதா? இது கவர்மென்ட்டு லோன்மா, பையன் வேலைக்குப் போனாத்தான் கட்டணும், போவலன்னா யாரும் கேக்க மாட்டாங்க என்றான். கவர்மென்ட்டு என்ற ஒரு வார்த்தையைக் கேட்டவுடன் எனக்குக் கோயிலில் பூ விழுந்த மாதிரி இருந்தது. ரேஷன் அரிசி கொடுக்கிற கவர்மென்ட்டு, சைக்கிள் கொடுத்த கவர்மென்ட்டு, நம் கழுத்தில் கத்தியா வைக்கப்போகிறது என்று நினைத்தேன். உன் நைனா ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றரைக் காணி நிலத்தை வைத்துக்கொண்டு ஒருத்தனிடமும் கைநீட்டாமல் இருக்கிறேன், என்னைக் கடன்காரனாக்காதே என்றார். அதனால் நான் போட்டேன் கையெழுத்து. நம் ஊரில் அந்த வருஷம் லோன் போட்டு இன்ஜினியரிங் போன பிள்ளைகள் எத்தனை பேர், அத்தனை வீட்டிலும் இதே பேச்சுதான். வேலைக்குப் போகாவிட்டால் கேட்க மாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினோம். படித்து முடித்து ஒரு வருஷம் ஆனதும் வேலை இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை, பணத்தைத்தான் கேட்டார்கள்.

அதற்குள் வட்டி வேறு. நீ வகுப்பில் உட்கார்ந்திருந்த நாலு வருஷமும் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது என்பதே எனக்குக் கடைசியில்தான் தெரியும். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிக்கிற காலத்து வட்டியைக் கவர்மென்ட்டே கட்டிவிடும் என்று யாரோ சொன்னார்கள். நான் கடையை மூடிவிட்டு வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸுக்கு நடந்தேன், அலைந்து வாங்கினேன். பேங்கில் கொடுத்தால், அதற்கான இணையதளம் இந்த வருஷத்துக்கு மூடிவிட்டது, அடுத்த வருஷம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வருஷம் போனால் சான்றிதழ் பழசாகிவிட்டது, புதுசு வேண்டும் என்றார்கள். புதுசு வாங்கிக்கொண்டு போனால் உங்கள் பையன் படித்த கல்லூரிப் பெயர் அந்தத் திட்டத்தில் வரவில்லை என்றார்கள். அதை முதல் நாளே சொன்னால் என்ன? நாக்கு தேய்ந்தா போகும்? நான் அங்கேயே கேட்டேன். வாட்ச்மேன் எழுந்து வந்து என்னை வெளியே போகச் சொன்னான்.

நீ ஒழுங்காகக் கட்டவில்லை என்று எவனாவது சொன்னால் அவன் வாயில் அடிப்பேன். உன் சம்பளம் எனக்குத் தெரியும், உன் கம்பெனி எனக்குத் தெரியும். நான் நாஷ்டா கடை போட்டிருப்பது சிப்காட் ரோட்டில்தானே. மெக்கானிக்கல் படித்த பிள்ளைகள், எலெக்ட்ரிக்கல் படித்த பிள்ளைகள், எல்லோரும் காண்ட்ராக்ட் சட்டை போட்டுக்கொண்டு என் வண்டி முன்னால்தான் நின்று தின்கிறார்கள். வருஷம் நிறையக் கொஞ்ச நாள் இருக்கும்போது பிரேக் என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அப்புறம் கூப்பிட்டுப் புது ஆள் மாதிரி சேர்த்துக்கொள்வார்கள், புது டோக்கன், அதே பழைய சம்பளம். வருஷம் முழுசானால் பர்மனென்ட் கேட்பீர்களே, அந்தப் பயம். இன்னார் இரண்டு வாரமாகக் கடைக்கு வரவில்லையே என்று கேட்டால் பிரேக்கில் இருக்கிறான் ஆன்ட்டி என்பார்கள். உனக்கும் அப்படி இரண்டு தடவை விட்டார்கள். அந்த மாதங்களில் எங்கிருந்து கட்டுவாய்?

வேலை இருந்த மாதங்களிலாவது நிம்மதியாகக் கட்ட விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பேங்க்காரன் ஐந்தாம் தேதி உன் கணக்கிலிருந்து தவணையைப் பிடிப்பான். காண்ட்ராக்டர் பன்னிரண்டாம் தேதிதான் சம்பளம் போடுவான், அந்தத் தேதியும் அவன் மனசு வைத்தால். ஐந்தாம் தேதி உன் கணக்கில் என்ன இருக்கும், பெட்ரோலுக்கு வைத்த நூறோ இருநூறோ. பணம் இல்லை என்று திரும்பும். திரும்பியதற்கு லோன் கொடுத்த பேங்க் ஒரு அபராதம், உன் சம்பளக் கணக்கு இருக்கிற பேங்க் ஒரு அபராதம். பன்னிரண்டாம் தேதி சம்பளம் விழுந்ததும் முதலில் அபராதத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நீ மறுநாள் ஷிப்டு முடித்து நேராகப் போய் வரிசையில் நின்று தவணையைக் கையால் கட்டுவாய். மாதாமாதம் இதே கூத்து. தேதியை மாற்றிக் கொடுங்கள் என்று நீ எத்தனை தடவை கேட்டாய்! சிஸ்டம்ல வராதுப்பா என்றார்கள். அதை நம்பித் திரும்பி வந்தாய், நானும் நம்பினேன். சிஸ்டம் என்றால் நமக்கெல்லாம் அம்மன் உத்தரவு மாதிரிதானே, எதிர்த்துக் கேட்கத் தோன்றுவதில்லை.

இரண்டாவது பிரேக்குக்குப் பிறகு உன் கணக்கை வாராக் கடன் பக்கம் தள்ளினார்கள். அதற்கப்புறம்தான் போன் வர ஆரம்பித்தது. உனக்கு எத்தனை வந்தது என்று எனக்குத் தெரியாது, எனக்கு வந்தது தெரியும். காலை ஷிப்டு நேரம், கடையில் பத்துப் பேர் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், அப்போதுதான் கூப்பிடுவான். உங்க பையனுக்கு வெட்கம் மானம் கிடையாதா, இன்ஜினியர்னு சொல்லிக்கினு ஊர்ப் பணத்துல சுத்தறானா என்பான். என் குரல் உயர்ந்தால் வாடிக்கைக்காரர்களுக்குக் கேட்கும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சரிப்பா, சரிப்பா என்பேன். பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பவானிக்கும் போட்டிருக்கிறார்கள். அவசரத்துக்கு என்று நீ கொடுத்த நம்பர் அது. அவள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது இந்தப் பேச்சு வந்தபோதுதான், எனக்கும்தாம்மா போட்டான், உங்கண்ணன் ஓடிட்டானான்னு கேட்டான், இல்ல அண்ணன் ஷிப்டுக்குப் போயிருக்குதுன்னு சொன்னேன் என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியாடா அது? எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அவன் எதிரில் இருந்திருந்தால் கொதிக்கிற சாம்பாரை ஊற்றியிருப்பேன்.

உன் நைனாவுக்கும் போட்டான். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, மாடு பயிரில் வாய் வைத்தால்கூட அதட்டத் தெரியாத மனுஷன். இரண்டு வருஷமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஆகட்டும்ங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். நீ வீட்டை விட்டுப் போன மறுவாரம் வயலில் நீர் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு புது நம்பர் வந்திருக்கிறது. பேங்க்லேர்ந்து பேசுறேன் என்று ஒரு பெண் குரல். அவ்வளவுதான் கேட்டார். அதற்கு மேல் அந்தம்மாவைப் பேச விடவில்லை.

"பொம்பளைய வச்சிப் பேசினா உட்ருவேன்னு பாத்தியா? எம் புள்ள படிக்கத்தானே வாங்கினான், குடிக்கவா வாங்கினான்? இப்ப அவன் ஊட்ட உட்டே போய்ட்டான், குளுகுளுன்னு கீதா உங்களுக்கு? இன்னொரு தபா போன் போட்டே, பேங்குக்கே வந்து நடுவுல படுத்துக்குவேன்" என்று கத்திவிட்டு, பக்கத்து வயல் பையனிடம் கொடுத்து அந்த நம்பரை பிளாக்கும் பண்ணிவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்னிக்கு நல்லா கேட்டுட்டேன் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான், இவ்வளவு வருஷத்தில் இந்த மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டதே என்று இரண்டு அப்பளம் அதிகமாகப் பொரித்துப் போட்டேன்.

அது ரெகவரிக்காரி இல்லை. பவானியின் விண்ணப்பத்தைப் பார்த்த பேங்க் ஆபீசர் அம்மா. பாக்கியைக் கட்டிவிட்டு, அம்மாவுக்குப் பதிலாக அப்பாவைச் சேர்த்துப் போட்டால் இந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வழியிருக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். நாம் பிளாக் பண்ணிவிட்டு, ஒன்றும் நடக்காது என்று ஒரு வாரம் மூலையில் உட்கார்ந்திருந்தோம். பவானி மனசு கேட்காமல் இன்னொரு தடவை போய்ப் பார்த்ததால்தான் தெரிந்தது. அவள் வந்து சொன்னதும் உன் நைனாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சட்டையை மாட்டுகிறார், கழற்றுகிறார், மறுபடி மாட்டுகிறார். நான் வர மாட்டேன், அந்தம்மா முகத்தில் எப்படி முழிப்பேன் என்கிறார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறைதான்.

அந்த ஆபீசர் மதுரைப் பக்கம் போல, பேச்சில் தெரிந்தது. "வாங்கய்யா. அன்னைக்கு என்னைய என்ன வாங்கு வாங்குனீக" என்றார். உன் நைனா கும்பிட்டபடியே நின்றார். "உங்கள இல்ல மேடம். ரெண்டு வருசமா ஒருத்தன் கேட்டுக்கினே இருந்தான். அவனுக்கு வச்சிருந்தத உங்க மேல எறக்கிட்டேன்" என்றார். அந்தம்மா எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி, "அவங்களும் நாங்க அனுப்புன ஆளுகதான்யா. உக்காருங்க" என்றார். அந்த பேங்கில் இத்தனை வருஷத்தில் எங்களை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான்.

பாக்கியை நான் கட்டிவிட்டேன். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன், கொஞ்சம் நஷ்டம்தான், பரவாயில்லை. அதற்காக நீ உருக வேண்டாம், அங்கே உட்கார்ந்து மூக்கைச் சிந்த வேண்டாம், திருப்பித் தருகிறேன் என்று வீராப்பும் பேச வேண்டாம். இனிமேல் மாதாமாதம் நீதான் கட்டப்போகிறாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. பணத்தைக் கட்டியதும் அந்தம்மா உன் கணக்கைப் பார்த்துவிட்டு, என்னம்மா ஒவ்வொரு மாசமும் திரும்பியிருக்கு என்று கேட்டார். நான் ஐந்தாம் தேதி, பன்னிரண்டாம் தேதி கதையைச் சொன்னேன். "தேதிய மாத்திக் கேக்க வேண்டியதுதானே, புதுசா ஒரு மேண்டேட்ல கையெழுத்துப் போட்டா முடிஞ்சிச்சு" என்று மேஜைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். எந்தத் தேதியில் பிடிக்க வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுக்கிற தாளாம் அது, அவ்வளவுதானாம்! பதினைந்தாம் தேதி என்று எழுதி நீ கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

தினேஷு, எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிறு எரிந்தது. ஒரே ஒரு தாள்! அந்தத் தாளை முதல் தடவையே எவனாவது உன் முன்னால் போட்டிருந்தால் நீ கட்டிய அபராதம் எல்லாம் அசலில் போயிருக்கும். நைட் ஷிப்டு முடித்துக் கண் எரிய வரிசையில் நின்றிருக்க மாட்டாய். வேலை செய்கிற பிள்ளையைப் பார்த்து வெட்கமில்லையா என்று கேட்கிற தைரியம் எவனுக்கும் வந்திருக்காது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். உன் நைனா, ஏம்மே அழுவுறே, வேல முடிஞ்சிச்சே என்கிறார். முடிந்ததற்காகவா அழுதேன்? அந்தம்மா நல்லவர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நல்லவர் ஒருத்தர் மாற்றலாகி வந்தால்தான் நம் வேலை நடக்கும் என்றால் அது என்ன பிழைப்பு? அந்தம்மா வேறு ஊருக்குப் போய்விட்டால் அடுத்து வருகிற பிள்ளைக்கு யார் அந்தத் தாளை எடுத்துக் கொடுப்பார்கள்?

அதனால் இனி ஒன்று செய். வராது என்று எவனாவது சொன்னால், வராது என்று எழுதிக் கொடுங்கள் என்று கேள். நீ படித்தவன், எனக்குத்தான் பயம், உனக்கு என்ன? உன் அறைப் பையன்களுக்கும் சொல். தேதி இடிக்கிறவர்கள் எல்லோரும் போய் அந்தத் தாளைக் கேட்கட்டும். போனை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வதால் ஒரு ரூபாய் குறையாது. நீ திருடவில்லை, ஒளிந்துகொள்ள உனக்கு என்ன வந்தது? பிரேக் விட்டால் முதல் நாளே பேங்கில் போய், வேலை நின்றிருக்கிறது, இந்த மாதம் முடியாது என்று சொல். சொல்லாமல் இருந்தால்தான் அவர்களாக ஓடிவிட்டான் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

அப்புறம் எங்கள் மூன்று பேரிடமிருந்தும் ஏன் ஒளிந்தாய்? நாங்கள் என்ன கேட்டோம் உன்னிடம்? கடன் பேங்குக்குடா, எங்களுக்கு இல்லை. உன் நைனா தினமும் சாப்பிட உட்காரும்போது உன் தட்டு இருக்கிற பக்கம் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறார். பவானி லோனில் அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று நினைக்கிறாய்? உனக்கு மாட்டேன் என்று சொன்ன அதே மனுஷன்தான். அன்னிக்கு நான் போட்டிருந்தா உம் பேரு கெடாம இருந்திருக்கும், இப்ப நாம ரெண்டு பேரும் இப்படி அலைஞ்சிருக்க மாட்டோம் என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார். எனக்கு அதைக் கேட்டு இன்னும் எரிச்சல்தான் வந்தது. யார் பெயரைப் போட்டாலும் கடன் கடன்தானே.

இனி பவானி. எல்லாப் பக்கமும் கையெழுத்து முடிந்து, பேனா அவள் கைக்கு வந்தபோது மூடி வைத்துவிட்டாள். நாளைக்கு வந்து போடுகிறேன் மேடம் என்றாள். பஸ்ஸில் வரும்போது நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன் அண்ணன் ஏதோ கோபத்தில் கத்தினான் என்றால் நீ அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவாயா, கம்பெனி பஸ்ஸில் ஏறப்போகிறாயா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் கவரைப்பேட்டை தாண்டியது. அப்புறம்தான் சொன்னாள்.

"அண்ணன் கத்துனதுக்காவ இல்லம்மா. எனக்கு வேல கெடைக்கலன்னு வச்சிக்கோ, சம்பளம் பத்தலன்னு வச்சிக்கோ, என்னோடத யாரு கட்டுவாங்க? அண்ணன்தான் கட்டும். வேணாம்னாலும் கேக்காது, அதோட கொணம் அப்டி. அதோடதயும் கட்டிக்கினு என்னோடதயும் கட்டிக்கினு, அப்புறம் அதுக்குன்னு இன்னா இருக்கும்? அதான் கையெழுத்து போடல. அண்ணனே வந்து சொல்லட்டும், அப்புறம் போடறேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. நீ அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று படிக்காதே என்கிறாய். அவள் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று படிக்க மாட்டேன் என்கிறாள். இரண்டு பேரையும் பெற்றதற்கு நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது? பேங்க் கேட்டது ஆளுக்கு ஒரு கையெழுத்து, நீங்கள் என்னடாவென்றால் ஆளுக்கு ஒரு வாழ்க்கையைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள்.

வியாழக்கிழமை வா. லீவு கேட்டால் சம்பளத்தில் பிடிப்பான், பிடிக்கட்டும். உன் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது, ஒரே நடையில் முடித்துவிடலாம். கூழ் காய்ச்சி வைக்கிறேன், நெத்திலிக் கருவாடு இருக்கிறது. வந்து உன் நைனாவிடம் ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு, அது போதும் அவருக்கு.

பவானியிடம் மட்டும் பேசு. அவளிடம், போய்ப் படி, அண்ணன் இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே. அதைச் சொன்னால் அவள் கம்பெனி பஸ்ஸில்தான் ஏறுவாள். அவளை நேராகப் பார்த்து, போய்ப் படி, ஆனால் உன் லோனில் ஒரு பைசாகூட நான் கட்ட மாட்டேன், நீயே சம்பாதித்து நீயே கட்டிக்கொள் என்று சொல். பொய்தான், எனக்குத் தெரியும். உனக்குச் சிரிப்பு வந்தாலும் அழுகை வந்தாலும் அடக்கிக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொல்.

அம்மா